குழாயைத் திறந்துவிட்டுச் செய்த ஜெபம்

சவுதி அரேபியாவின் யான்புவில் நாங்கள் குடியிருந்த காலத்தில், எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் யாருக்காவது பிறந்தநாள் வந்தது. கூடத்து மேசையில் ஒரு கேக் இருக்கும். அதன்மேல் ஏற்றாத மெழுகுவத்திகள், பக்கத்தில் தீப்பெட்டி. யாராவது கதவைத் தட்டினால் என் மனைவி மெழுகுவத்திகளை ஏற்ற வேண்டும், மற்றவர்கள் வேதப் புத்தகங்களைச் சோபா மெத்தைக்கு அடியில் செருகிவிட்டுக் கைதட்டிப் பிறந்தநாள் பாட்டுப் பாட வேண்டும், நான் போய்க் கதவைத் திறக்க வேண்டும். அதுதான் ஏற்பாடு. அங்கே வெளிப்படையாகக் கூடி ஆராதிக்க எங்களுக்கு வழியில்லை. நாலைந்து தமிழ்க் குடும்பங்கள் எங்கள் வீட்டில் கூடுவோம். பாட்டு வெளியே கேட்காமலிருக்கச் சமையலறைக் குழாயை முழுக்கத் திறந்துவிடுவோம். எவர்சில்வர் சிங்கில் தண்ணீர் விழும் இரைச்சலுக்குள் எங்கள் குரல்கள் அடங்கிவிடும்.

ஜெபத்தை நடத்தியவரை அண்ணாச்சி என்றே எல்லாரும் கூப்பிட்டோம். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கருவிப் பொறியாளர். அவர் அதே ஆலையின் ஸ்டோர்ஸில் அதிகாரி. காய்கறிப் பைக்குள் வேதப் புத்தகத்தை வைத்து, மேலே கொத்தமல்லிக் கட்டைப் பரப்பிக்கொண்டு வருவார். புத்தகத்தைத் திறந்தால் சங்கீதங்களிலிருந்து மல்லி வாசம் வரும். படியேறி வந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டே, "இன்னிக்கு யாருக்குப் பொறந்தநாளு?" என்று கேட்பார். "எனக்கா? இந்த வருசத்துல இது நாலாவது தடவைலா! இப்படியே போனா எங்க அப்பாவை விட எனக்கு வயசு கூடிரும் போலுக்கே." நாங்கள் சிரிப்போம். அந்தச் சிரிப்பையும் தாழ்ந்த குரலில் சிரிக்கப் பழகியிருந்தோம்.

நான் பயந்தவன் என்று அப்போது எனக்குத் தெரியாது. ஊரில் வாலிபர் கூட்டங்களில் எழுந்து நின்று, உயிரே போனாலும் ஆண்டவரை விடமாட்டேன் என்று சாட்சி சொன்னவன் நான். அதைச் சொன்னபோது வெளியே வேதக்கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே எங்கள் அம்மா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள், என்னை யாரும் எதுவும் செய்யப்போவதில்லை. பயப்பட எதுவும் இல்லாத ஊரில் பழகிய ஒரு பழக்கத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தேனோ என்று இப்போது அடிக்கடி தோன்றுகிறது.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணாச்சி வரத் தாமதமாயிற்று. அவருக்காகக் காத்திராமல் ஒரு பாட்டைத் தொடங்கியிருந்தோம். கதவு தட்டப்பட்டது. எங்கள் ஆட்கள் தட்டும் விதம் எங்களுக்குத் தெரியும்; இது உள்ளங்கையால் ஓங்கி அறைந்த சத்தம். பாட்டு அறுந்தது. புத்தகங்கள் மெத்தைக்குள் போயின. மனைவி தீக்குச்சியைக் கிழிக்கிறாள், கிழிக்கிறாள், பற்றவில்லை. நான் கதவை ஒரு முகம் தெரியும் அளவுக்குத் திறந்தேன். கட்டடக் காவலாளி நின்றார். அவருக்குப் பின்னால் வெள்ளை அங்கியில் நான் அறியாத ஒரு மனிதர், முகத்தில் கோபத்தோடு. வேலை, இக்காமா என்னும் குடியிருப்பு அனுமதி, மகனின் படிப்பு, விமான நிலையம் எல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்துபோயின. கர்த்தர் மட்டும் வரவில்லை.

அவர்கள் வாய் திறக்குமுன் படியில் காலடி கேட்டது. அண்ணாச்சி பையோடு ஏறி வந்து, அவர்களைக் கண்டு, கடைசிப் படிக்கு முந்தின படியில் நின்றுவிட்டார். பையின் வாயில் மல்லி இலைகள் எட்டிப் பார்த்தன. காவலாளி அவரைக் கையால் காட்டினார்.

"பாய், யே ஆப்கா ஆத்மி ஹை?" இவர் உங்கள் ஆளா என்று சும்மாதான் கேட்டார். இன்று நினைத்தால் அந்தக் குரலில் ஒரு மிரட்டலும் இல்லை.

"நஹி," என்றேன். "மாலூம் நஹி."

தெரியாது என்று சொன்னபோது நான் அண்ணாச்சியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "சாரி, சாரி, ராங் ஃப்ளாட்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படியிறங்கினார். எனக்குப் பின்னால் கூடத்தில் எல்லாரும் உரக்கப் பிறந்தநாள் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

காவலாளி விஷயத்துக்கு வந்தார். "பானி, பாய், பானி!" வெள்ளை அங்கிக்காரர் எங்களுக்கு நேர் கீழே புதிதாகக் குடிவந்தவர். எங்கள் சிங்க் குழாய் அடியில் கசிந்து, வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டுச் சமையலறைக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதாம். அதைச் சொல்லத்தான் வந்திருந்தார்கள். எங்கள் பாட்டை மறைக்க நாங்கள் திறந்துவிட்ட தண்ணீர்தான் அவர்களைப் படியேற்றிக் கொண்டுவந்திருந்தது. பாட்டைக் கேட்டதும் அந்த மனிதரின் கோபம் தணிந்துவிட்டது. "மப்ரூக்" என்று வாழ்த்திச் சிரித்தார். என் மனைவி வெட்டிக் கொடுத்த கேக் துண்டை வாங்கிக்கொண்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

பிளம்பர் வந்து கசிவைச் சரிசெய்தார். நான் மட்டும், கொஞ்ச நாளைக்குக் கூட்டம் வேண்டாம் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. ஆலை கேன்டீனில் அண்ணாச்சி எப்போதும்போல் பேசினார். படியில் நின்றதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் வீடு மாறி வந்தவர்போல நடித்துத் திரும்பினார் என்று நம்பினேன். அவரை மனதுக்குள் ஒரு பரிசுத்தவானாக்கிக்கொண்டேன்.

இதைவிடக் கேவலமானது ஒன்று உண்டு. ஒருமுறை லீவில் ஊருக்குப் போனபோது சபையில் என்னைச் சாட்சி சொல்ல அழைத்தார்கள். கேக்கையும் குழாயையும் மெத்தைக்கடியில் ஒளித்த வேதத்தையும் சொன்னேன். வெள்ளை அங்கியைச் சொன்னேன். கர்த்தர் எங்களைக் காத்தார் என்று முடித்தேன். பெண்கள் அழுதார்கள். போதகர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். படியில் நின்ற மனிதரை மட்டும் நான் சொல்லவில்லை. இரண்டாம் முறையும் அவரைத் தெரியாது என்றேன். இம்முறை யாரும் கேட்காமலேயே.

இப்போது அமீரகத்து ருவைஸில் மகன் வீட்டில் இருக்கிறோம். அவன் இங்கே ஆலையில் வேலை பார்க்கிறான். இங்கே சர்ச் இருக்கிறது, வாய்விட்டுப் பாடலாம். எனக்குத்தான் குரல் எழும்புவதில்லை. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் பாட்டுப் புத்தகத்தை என்னையறியாமல் மூடிவிடுகிறேன். தம்மை மறுதலிக்கிறவனைத் தாமும் மறுதலிப்பதாக ஆண்டவர் சொன்னது ஞாபகம் வராத நாளில்லை. செத்தபின் நான் போய்த் தட்ட வேண்டிய கதவு ஒன்று மிச்சமிருக்கிறது. அந்தப் படியில் பையோடு நிற்கப்போகிறவன் நான். இவன் உம்முடைய ஆளா என்று யாரோ கேட்பார்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே என்ன சொல்வார்?

பயம் தாங்காமல் சென்ற மாதம் அண்ணாச்சியைப் போனில் கூப்பிட்டேன். ஊரில் மகள் வீட்டில் இருக்கிறார். இழுத்து இழுத்துச் சொல்லி முடித்தேன்.

"தம்பி, நான் ஒங்களக் காப்பாத்தவா எறங்கிப் போனேன்னு நெனச்சீய?" என்றார். "நீங்க தெரியாதுன்னு சொன்னதும் எனக்கு அப்பாடான்னு இருந்துது. நீங்க 'வாங்க அண்ணாச்சி'ன்னு கூப்பிட்டுருவீயளோன்னுதான் பயந்து நின்னேன். வெளிய போய் முதல்ல பார்த்த குப்பைத்தொட்டியில பையப் போட்டுட்டேன். மல்லியோட சேத்து."

அவரே மேலே பேசினார்.

"ஆண்டவரத் தெரியாதுன்ன சீஷருக்குச் சேவலு கூவிச்சு, அழுதாரு, மன்னிப்பு கெடச்சுதும்பாவ. நமக்கு ஞாபகப்படுத்தச் சேவலு கூட கூவலியே. அங்க ஏது சேவலு?" சிரித்தார். அதே தாழ்ந்த சிரிப்பு. "எனக்கும் பயமாத்தான் இருக்கு, தம்பி. எனக்காக ஜெபம் பண்ணுங்க. சத்தமா பண்ணுங்க."

ஒரு பரிசுத்தவானிடம் மன்னிப்புக் கேட்கப் போன எனக்கு, என்னைப்போலவே நடுங்கும் ஒரு கிழவர்தான் கிடைத்தார். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

நேற்று என் பேத்திக்குப் பிறந்தநாள். உண்மையான பிறந்தநாள். மகனோடு வேலை பார்க்கிறவர்கள், பல மதத்தினர், குடும்பத்தோடு வந்திருந்தார்கள். கேக் வெட்டுமுன் ஜெபிப்பது எங்கள் வழக்கம். "அப்பா, ஜெபம் பண்ணுங்க" என்றான் மகன். எல்லாரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அண்ணாச்சி கேட்டதை நினைத்துக் குரலை உயர்த்தித் தொடங்கினேன். பாதியில் அழைப்புமணி அடித்தது. என் ஜெபம் அறுந்தது. கை தானாகத் தட்டத் தொடங்க, வாய் தானாகப் பிறந்தநாள் பாட்டைப் பாடிற்று. தாத்தா அவசரப்படுகிறார் என்று எல்லாரும் சிரித்துச் சேர்ந்துகொண்டார்கள். பேத்தி மெழுகுவத்திகளை ஊதினாள். வந்தவர்கள் பக்கத்து ஃப்ளாட்காரர்கள், கையில் பரிசுப் பொட்டலத்தோடு.

சமையலறைக்குள் போய் நின்றேன். என் மனைவி துணியால் கேக் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று தீக்குச்சி கிழித்த அதே கை. திரும்பிப் பார்க்காமலே, "ஆமென் வரைக்குமாவது போயிருக்கலாம்லா" என்றாள்.

"இப்ப முடிச்சிருதேன்," என்றேன். கண்ணை மூடினேன். தண்ணீர் விழும் இரைச்சல் கேட்ட பிறகுதான், என் கை குழாயைத் திறந்திருப்பது எனக்குத் தெரிந்தது. அவள் கையை நீட்டி அதை மூடினாள். கூடத்தின் பேச்சும் சிரிப்பும் திடீரென்று மிக அருகில் கேட்டன. பேத்தியின் பெயரைச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். அண்ணாச்சியையும் சொன்னேன். ஒரு காது வாசல் கதவுப் பக்கமே இருந்தது.