கடுகு பொரியாத நாட்கள்

கீமோ ஏற்றிக்கொண்டு வந்த கணவர் இப்போதுதான் கண்ணயர்ந்திருந்தார். பக்கத்து ஃபிளாட்டில் தேங்காய் எண்ணெயில் கடுகு பொரிந்தது. அந்த வாசனைக்கே எழுந்து வாளியைத் தேடினார். எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்துவிட்டது.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் நான்கு வீடுகள். அப்போது எனக்குப் பத்து வயது. அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். ஊசி போட்டு வந்தால், தாளிப்பு வாசனை பட்டாலே அவளுக்குக் குடலைப் புரட்டும். யாரும் யாரிடமும் சொல்லிவைக்கவில்லை, ஆனால் நாலு வீட்டிலும் தாளிப்பது நின்றுபோனது. கடுகு போடாத குழம்பை முகம் சுளிக்காமல் சாப்பிட்டோம். மிளகாய் மண்டியில் வேலை பார்த்த அப்பா, கிணற்றடியில் குளித்துச் சட்டையை மாற்றாமல் வீட்டுக்குள் நுழையமாட்டார்.

ஐந்தாம் நாள் அம்மா வாசலில் வந்து நின்று எதிரே நின்ற அடுத்த வீட்டுச் செல்வி அத்தையிடம் கத்தினாள்: "ஏட்டி, இந்த வரிசையில ஒருத்தி வீட்டுலயும் கடுகு இல்லையா? வாயி செத்துக் கெடக்கு, கொஞ்சம் ரசம் தாளிச்சுத் தா!"

அடுத்த நிமிடம் நாலு அடுப்பிலும் கடுகு வெடித்தது. ஒவ்வொரு ஊசிக்கும் இப்படித்தான். அம்மாவுக்கு இப்போது எழுபத்தாறு வயது.

பக்கத்து ஃபிளாட்டின் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். "அய்யோ சேச்சி, தெரியாமப் போச்சே! எத்தனை நாளைக்குத் தாளிக்காம இருக்கணும்?" என்றாள் அங்கே புதிதாகக் குடிவந்த பெண்.

"கடுகுச் சத்தத்தையே காணோமேன்னு அவரே வந்து உங்க கதவைத் தட்டுவாரு. அதுவரைக்கும்."