கூப்பனுக்கு மீதி கிடையாது

ஒன்பது வயதிலேயே எனக்கு எல்லாம் தெரியும். அமீரகத்தில், அல் ஐன் நகரப் பள்ளிக்கூடத்தில் அரபியும் ஆங்கிலமும் தடங்கலில்லாமல் வாசிப்பேன்; உம்மாவுக்கு இரண்டும் வராது. அதனால் வீட்டில் நான்தான் பெரிய படிப்பாளி என்ற நினைப்பு தலைக்கேறியிருந்தது.

அந்த வருடம் எங்கள் கட்டடத்தில் பலருக்கு வேலை போயிருந்தது. தர்ம அமைப்பு ஒன்று அப்படிப்பட்ட குடும்பங்களுக்குக் காய்கறிக் கூப்பன் கொடுத்தது. சனிக்கிழமை காலையில் கூடும் தோட்டக்காரர்கள் சந்தையில்தான் அது செல்லும். கூப்பனை வாங்கி வைத்தார்களே தவிர, எங்கள் கட்டடத்துப் பெண்கள் யாரும் சந்தைப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அங்கே குவிந்து கிடக்கும் கூசாவை எப்படிச் சமைப்பது என்று தெரியாது என்றார்கள். கூசா, வெள்ளரியைப் போலத் தெரியும் ஒரு பூசணி வகைக் காய். உண்மையான காரணம் வெட்கம். கல்யாணம் என்றால் ஊரையே கூட்டிச் சோறு போட்ட வீட்டுப் பெண்கள் அவர்கள்.

உம்மா வீடு வீடாகப் போய்க் கூசாவில் பருப்பு ஆணம், அதாவது குழம்பு, வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். வெட்கத்துக்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். கடைசிப் பந்தலில் காய் விற்ற பெஷாவர் பாயிடம் பேசி வைத்தாள். மடித்த கூப்பனைக் கூடையின் அடியில் போட்டு, மேலே காயை வைத்துக் கொடுக்க வேண்டும். எடை போடும் சாக்கில் பாய் அதை உருவிக்கொள்வார். பிறகு ஒரு திர்ஹம் நாணயத்தைக் கூடையில் போட்டு, நாலு பேர் காதில் விழும்படி, "பாக்கி லோ, பெஹன்", மீதியை எடுத்துக்கோ சகோதரி, என்பார். காசு கொடுத்து வாங்கியவர்களைப் போலப் பெண்கள் நிமிர்ந்து நடப்பார்கள். அந்த நாணயங்களை உம்மாதான் பாயிடம் முன்கூட்டியே கொடுத்து வைப்பாள் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

மேல்மாடி மாமி மட்டும் வரவே மாட்டேன் என்றார். மாமா வேலை செய்த கராஜை மூடி நாலு மாதம் ஆகியிருந்தது. அவர்கள் மகள் என் வகுப்பில் படித்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வெறும் குபூஸ் ரொட்டி கொண்டுவருவாள். மூன்று வாரம் 'லாத்தா' என்று அக்கா முறை வைத்துக் கெஞ்சி உம்மா மாமியை அழைத்து வந்தாள்.

"ஊர்க்காரவங்க யாராச்சும் பாத்துட்டா என்ன புள்ள செய்வேன்?"

"யாரும் பாக்க மாட்டாங்க லாத்தா. நான் நிக்கிறேன்ல."

அன்று சந்தை வரிசையில் எங்கள் பின்னால் மாமியின் ஊர்க்காரப் பெண்கள் இரண்டு பேர் நின்றார்கள். பாய் கூடையைத் தூக்கிக் கூப்பனை உருவியபோது அது நழுவி என் காலடியில் விழுந்தது. எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். மீதிப் பணம் தரப்படாது என்று இரண்டு மொழியிலும் அச்சடித்திருந்தது. அதற்குள் பாய் நாணயத்தைப் போட்டுவிட்டார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது இன்னொருவர்.

"மாமி, கூப்பனுக்கு மீதி கிடையாது. இதுலயே போட்டிருக்கு. அந்தக் காசத் திருப்பிக் குடுத்துடுங்க" என்றேன், வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற குரலில்.

பின்னால் நின்ற இரண்டு பேரும் கூடையை எட்டிப் பார்த்தார்கள். மாமி நாணயத்தை எடுத்துப் பலகைமேல் வைத்தார். கூடையைத் தொடவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

உம்மா காய்களைப் பையில் போட்டுச் சுமந்துகொண்டு மேல்மாடிக்குப் போனாள். நானும் கூடவே போனேன். கதவு திறக்கவில்லை.

"காய் கொண்டாந்திருக்கேன் லாத்தா."

"நாங்க ஆக்கிச் சாப்பிட்டாச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. மணி பத்துகூட ஆகவில்லை.

பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் படியிறங்கினோம். மாமி அதன்பிறகு சந்தைக்கு வரவேயில்லை.

"கூப்பன்ல அப்படித்தானே உம்மா போட்டிருந்துச்சு?"

உம்மா படியில் நின்று திரும்பினாள். "ஆமா. நீ சரியாத்தான் வாசிச்சே" என்றாள்.

நான் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். மறுநாள் ஞாயிறு, அங்கே பள்ளி வாரம் தொடங்கும் நாள்; பள்ளிக்கூட பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியின் மகளிடமும், நான் கூப்பனை வாசித்த கதையைப் பெருமையாகச் சொன்னேன்.