ஊசிக்குக் காவல் வந்த ரொசாலியா

தடுப்பூசி போடும் இடத்தில் குழந்தைகள் திட்டுவது தாதியை. பெற்றோர் திட்டுவது மொழிபெயர்ப்பாளரை. யாழ்ப்பாணத்தில் நாளிதழ் நிருபராக இருந்தபோது ஊரே திட்டியது என்பதால், சிசிலித் தீவின் பலெர்மோ நகரில், கால்சாப் பக்கத்துத் தடுப்பூசி நிலையமொன்றில் இந்த மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தபோது எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு பேருக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர் எவரானாலும் மேலே படிக்கலாம். நாமெல்லாம் ஒரே சாதி.

கொம்பு முளைத்தவர்கள்

எங்கள் டாக்டரம்மாவுக்குச் சரித்திரப் பைத்தியம். காத்திருக்கும் அறைச் சுவரில் பழைய கேலிச்சித்திரம் ஒன்றை ஒட்டினார். பெரியம்மைக்கு அம்மைப்பால் குத்த வந்த புதிதில் அதை மாட்டுக்கு வரும் அம்மையிலிருந்து எடுத்தார்கள். குத்திக்கொண்டால் மாடாகிவிடுவோம் என்று சனம் நடுங்கியது. படத்தில் ஒருவருக்கு நெற்றியில் கொம்பு, இன்னொருத்திக்குக் கையிலிருந்து ஒரு கன்றுக்குட்டி. அந்தக் காலத்துப் பயத்தைப் பார்த்து இந்தக் காலத்தவர் சிரிக்க வேண்டும் என்பது டாக்டரின் திட்டம். படத்துக்குக் கீழே தமிழில் விளக்கம் எழுதுவது என் பொறுப்பு.

நகரின் பொலிதேயாமாப் பக்கம் ஒரு வீட்டில் சமையல் செய்யும் பூமணியக்கா, காய்ச்சல் ஊசிக்கு வந்தவர், விளக்கத்தை விரல் வைத்து வாசித்தார். சிரிக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, கோமாதாவிலையிருந்து எடுத்ததெண்டு முதலே சொல்லக்கூடாதோ? காலமை மீன்குழம்பும் சாப்பிட்டிட்டு வந்து நிக்கிறன்!"

இல்லாத ஏடு

அதே காலத்தில் சென்னைப் பக்கத்தில் எதிர்ப்பு வேறு மாதிரி. அம்மாள் என்ற தெய்வம் தரும் நோயை மனிதன் தடுப்பதா என்று கேட்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்த, இந்த வைத்தியம் முன்னோர் ஏட்டிலேயே உண்டு என்று ஓர் ஆங்கிலேய அதிகாரி பழைய நடையில் பாட்டுக் கட்டி உலவவிட்டதாகப் படித்திருக்கிறேன். நல்ல காரியத்துக்காகப் பரப்பிய பொய்ச்செய்தி. இதைத் தாதி ரீத்தாவிடம் சொன்னேன். அவள் பஞ்சை நனைத்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ பத்திரிகைக்காரன்தானே? எங்களுக்கும் ஒன்று எழுதித் தா."

யோகன் வைத்த நேர்த்தி

மொண்டெல்லோக் கடற்கரை உணவகம் ஒன்றில் கோப்பை கழுவும் யோகனும் மனைவி கலாவும் இரண்டு வயது மகளோடு வந்தார்கள். சின்னமுத்து, அதுதான் தட்டம்மை, அதற்கான ஊசி போடாவிட்டால் குழந்தையை அசீலோவில், அதாவது பாலர் காப்பகத்தில், சேர்க்கமாட்டார்கள். காப்பகம் இல்லையென்றால் கலாவுக்குக் கிடைத்திருக்கும் வீட்டுவேலை போய்விடும். அடுத்த மாதம் பிறந்ததும் வரச்சொல்லியிருந்த சீன்யோரா, அந்த வீட்டு எசமானி, அதற்குமேல் ஒருநாளும் பொறுக்கமாட்டாராம்.

யோகன் அசையவில்லை. "சின்னமுத்து எண்டால் அம்மாள் வாறது அண்ணை. வாறவவை ஊசியோட வாசலிலை மறிக்கிறதோ? பிள்ளையை ஊசியில்லாமல் காப்பாத்தெண்டு வெறுங்காலோட மலையேறி ரொசாலியா அம்மாவுக்கு நேர்ந்துபோட்டன்."

ரொசாலியா இந்த நகரத்தைக் கொள்ளைநோயிலிருந்து மீட்ட புனிதவதி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கோயில் இருக்கும் அந்த மலையில் சிசிலிக்காரரைவிட நம்மவர்கள் அதிகம். நான் முழுவதையும் மொழிபெயர்த்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்கள் அம்மாளுக்கு அசீலோவில் யாரையாவது தெரியுமா என்று கேளுங்கள்" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. கலா எழுந்து குழந்தைக்குச் சப்பாத்து மாட்டினாள்.

"நேர்த்தி வைச்சது நீங்கள். வேலை போறது எனக்கு."

சிலுவைக்குப் பின்னால்

வெளியே போகும் வழியில் கலா மற்றொரு படத்தின் முன் நின்றாள். அம்மைப்பால் முதலில் இங்கே வந்தபோது, காலையில் பாதிரியார் சிலுவையோடு முன்னே நடக்க, ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக ஊர்வலம் வந்து குத்திக்கொண்டார்கள் என்று கீழே எழுதியிருந்தேன்.

"அண்ணை, இது மெய்யோ, இல்லாட்டி நீங்கள் எழுதினதோ?"

"மெய்தான். அப்ப இருந்த வைத்தியர் ஒருத்தர் எழுதிவைச்சது."

படத்தைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு போனாள்.

மாதம் முடிய நாலைந்து நாள் இருக்கையில் தெருவில் ஒரே சத்தம். காவலாளி ஓடிவந்து, யூலை மாத ரொசாலியா திருவிழாவை முன்தள்ளிவிட்டார்களா என்று கேட்டான். முன்னால் யோகன், வெறுங்காலோடு, மார்பில் சட்டம் போட்ட ரொசாலியா படம். பின்னால் குழந்தையோடு கலா. அவளுக்குப் பின்னால் உறவுக்காரர் ஒரு கூட்டம். கடைசியில் பூமணியக்கா, கையில் வேம்பென்று நம்பித் தெருமரத்தில் ஒடித்த கொப்பு. மீன் சாப்பிடாத நாளாம்.

"நேர்த்தியை முறிக்கேல்லை அண்ணை" என்றான் யோகன். "ஆளையே கூட்டிக்கொண்டு வந்திட்டன். அவவின்ரை கண்ணுக்கு முன்னாலை குத்தட்டும்."

ஊசி முனைக்கு நேரே படத்தைப் பிடித்தான். ரீத்தா பிறந்து வளர்ந்தது இந்த ஊர். அவளுக்கு நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. "விவா பலெர்மோ எ சாந்தா ரொசாலியா!" என்று ஊரையும் புனிதவதியையும் வாழ்த்தும் திருவிழாக் குரல் கொடுத்துக்கொண்டே குத்திவிட்டாள். குழந்தை வீரிட்டது. கூட்டம் "அரோகரா" என்றது. எல்லாம் முடிந்தபின், இன்னொரு ஊசி மிச்சம் இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். யோகன் படத்தைத் திரும்பவும் மார்போடு அணைத்தான். கலா அதை வாங்கிக்கொண்டாள்.

"அதுக்கு அவவும் நானும் வாறம். நீங்கள் வேலைக்குப் போங்கோ."

சீன்யோராவின் கவலை

மாதம் பிறந்து, கலா வேலை தொடங்கி, ஒரு நாள் மத்தியானம் சிரித்துக்கொண்டே வந்தாள். அவள் சீன்யோரா படித்தவர், வீடு நிறையப் புத்தகம். அவருக்கு விஷயம் தெரிந்ததும் பதறிப்போனாராம்: "இந்தப் பச்சைக் குழந்தைக்கு ஊசியா? மருந்துக் கம்பனிகளின் சூழ்ச்சி தெரியாதா உனக்கு?" பிறகு கலா சொன்ன ஒரு பதிலில், நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். அந்தப் பதிலை அவள் சொன்னபடியே தருகிறேன்.

"சீன்யோரா, குத்தேக்கை சாந்தா ரொசாலியா பக்கத்திலைதான் நிண்டவ. சந்தேகமெண்டால் மலைக்குப் போய் அவவையே கேளுங்கோ."

பெரியம்மை உலகத்தை விட்டுப் போய் எத்தனையோ காலமாயிற்று, ஆனால் அன்று அதன் ஊசிக்குப் பயந்தவர்களின் வாரிசுகள் இன்னும் எங்கள் வாசலில் வரிசையாக நிற்பதால்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது.