சாப்பாட்டு அறைக்கு அரக்கு

சக்கரவர்த்தி நயினார் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் முப்பது வருஷத்துக்கு மேல் சேலை எடுத்துப் போட்டவர். ஒரு பெண் கடை வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவளுக்கு எந்த நிறம் எடுபடும் என்று சொல்லிவிடுவார். அவள் வேறு நிறம் கேட்டால் மறுக்க மாட்டார். கேட்டதைப் போட்டுவிட்டு, தான் நினைத்ததையும் ஓரமாக விரித்து வைப்பார். கடைசியில் அதுதான் பெட்டிக்குள் போகும். இதனால் மனிதருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்று நான் மரியாதைக்காகச் சொல்கிறேன்.

ஊருக்கெல்லாம் கல்யாணச் சேலை எடுத்துக் கொடுத்தவர், சொந்த வீட்டில் பொழுதோடு சாப்பிட்டதே அபூர்வம். சமணக் குடும்பம், பொழுது சாய்ந்த பிறகு ஒரு பருக்கை உள்ளே போகாது. கடையோ ராத்திரி வரைக்கும். அதனால் வெயில் இருக்கும்போதே பின்கட்டில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே டிபன் டப்பாவைத் திறந்து, அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வருவார். மனைவி பிராமி வீட்டில் அடுப்படியில் நின்றபடியே தன் பங்கை முடித்துக்கொள்வாள். லீவு நாளில் அவர் உட்காருவார், அவள் பரிமாறுவாள். “நீயும் உக்காரேன்” என்றால், “அப்புறம் தோசை யார் ஊத்தறது?” என்பாள். அவர் அடுத்த தோசைக்குத் தட்டை நீட்டுவார்.

வேலையை விட்டு நின்றதும் அவருக்கு ஒரே ஓர் ஆசை. இனிமேலாவது பொழுதோடு, எதிரெதிரே உட்கார்ந்து, பிராமியும் தானுமாகச் சாப்பிட வேண்டும். இதை வாயால் சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகவே ஒரு சாப்பாட்டு மேசை வாங்கினார்.

மேசை வந்தது. பிராமி உட்காரவில்லை. மேசையைச் சுற்றி வந்து பரிமாறினாள், அவ்வளவுதான் வித்தியாசம். அறை சரியில்லை, அதுதான் காரணம் என்று நயினார் முடிவு கட்டினார். சுவரில் மங்கிப்போன சந்தன நிறம். யாருக்குத்தான் உட்காரத் தோன்றும்? சென்னையில் வேலையிலிருக்கும் மகள் ஸ்ரேயாவுக்குப் போன் போட்டார். அவள் நாலைந்து படம் அனுப்பினாள். எல்லாவற்றிலும் சுவர் கருகருவென்று இருந்தது.

“டைனிங் ரூமுக்கு இப்ப டார்க் கலர்தான்பா ட்ரெண்ட். உக்காந்தா எழுந்திருக்கவே மனசு வராது” என்றாள்.

அந்தக் கடைசி வாக்கியத்தில் விழுந்துவிட்டார் மனிதர்.

பெயிண்டர் ஜாஹிர் நிற அட்டையோடு வந்தார். நயினார் அட்டையில் இருந்த இங்கிலீஷ் பெயர்களை ஒதுக்கிவிட்டு, இது நாவல்பழம், இது பாக்கு, இது அரக்கு என்று தம் பாஷையில் வரிசையாகப் பெயர் சூட்டினார்.

“எல்லாமே மெரூன்தான் நயினாரே” என்றார் ஜாஹிர்.

நயினார் முகம் சுண்டிப்போயிற்று. “பாய், இது மெரூன். இது அரக்கு. ரெண்டும் ஒண்ணுன்னு என் கடையில சொல்லியிருந்தீங்கன்னா, அன்னிக்கே கணக்கு முடிச்சு அனுப்பியிருப்பாங்க.”

“சரி, அரக்குன்னே வெச்சுக்கலாம். எனக்கென்னா, டப்பா மேல நம்பர் இருக்குது” என்று ஜாஹிர் சமாதானமாகிவிட்டார்.

ஒரு பலகையில் அந்த அரக்கைப் பூசச் சொல்லி, நல்ல உச்சி வெயிலில் தெருவாசலுக்கு எடுத்துப் போனார் நயினார். எந்தச் சேலையையும் கடை வாசலில் வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டித்தான் விற்பார். நிறத்துக்கு வெயிலே சாட்சி என்பது அவர் கட்சி. பலகையில் வெயில் பட்டதும் அரக்குக்கு அடியிலிருந்து சிவப்பு எழுந்து வந்தது. அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிராமியைக் கூப்பிட்டார்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா நாம தெருவுல உக்காந்தா சாப்புடப் போறோம்?” என்றாள் பிராமி.

அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

சாப்பாட்டு அறைக்கு ஒரே ஒரு ஜன்னல். அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஜன்னல். நாலு சுவரும் அரக்கான அன்று சாயங்காலம், பிராமி சாதமும் பருப்பும் எடுத்துக்கொண்டு வந்து நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

“பொழுது போயிடுச்சே” என்றாள்.

“எங்க போச்சு? வெளிய வெயில் அடிச்சிக்கினு இருக்குது.”

“வெளிய அடிக்குது. இங்க பருப்புல எறும்பு வுழுந்தா தெரியுமா? பகலா இருந்தாலும் இருட்டுல சாப்புட்டா அது ராத்திரி சாப்புட்டதுதான். நம்ம வழக்கம் உங்களுக்குத் தெரியாதா?”

நயினார் எழுந்து டியூப்லைட்டைப் போட்டார்.

“லைட்டு போட்டு சாப்புடலாம்னா ராத்திரி பத்து மணிக்குக்கூட சாப்புடலாமே. எதுக்கு இத்தினி வருஷமா கடையில அரக்கப் பரக்க முழுங்கினீங்க?”

நியாயமான கேள்வி. அதற்குள் விளக்கைச் சுற்றி ஒரு பூச்சியும் வந்து சேர்ந்தது. அது பிராமி கட்சி. வாக்குவாதம் முடிவதற்குள் நிஜமாகவே பொழுது போய், இரண்டு பேரும் பட்டினியாகப் படுத்தார்கள்.

மறுநாளிலிருந்து நயினார் சாயங்காலச் சாப்பாட்டு நேரத்தை முன்னால் தள்ளினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தள்ளித் தள்ளி, கடைசியில் மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவிய ஈரம் காய்வதற்குள் சாயங்காலச் சாப்பாடு வந்து நின்றது. பசிக்காத வேளையில் தின்றுவிட்டு, பசிக்கிற வேளையில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். பிராமிக்கு இந்தப் பைத்தியம் ஒத்துவரவில்லை. சமையலறை ஜன்னலில் வெளிச்சம் தாராளமாக வந்தது. அவள் பழையபடி அங்கேயே நின்று சாப்பிட்டாள். முன்பாவது பரிமாறும் சாக்கில் பக்கத்தில் நின்றாள். இப்போது எல்லாவற்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். அரக்குச் சுவருக்கு நடுவே அவர் தன்னந்தனியாக மென்றுகொண்டிருந்தார்.

வெள்ளை அடித்துவிடலாமென்று ஜாஹிர் சொல்லிப் பார்த்தார். நயினார் சம்மதிக்கவில்லை. வெள்ளை அடித்தால் சக்கரவர்த்திக்கு நிறம் தெரியாது என்று சுவரே சொல்லும். அதற்குப் பட்டினியே மேல்.

ஒருநாள் மத்தியானமே மப்பும் மந்தாரமுமாக இருந்தது. அறையில் கை எது கரண்டி எது என்று தெரியவில்லை. கத்தரிக்காய்க் கூட்டு என்று நினைத்து மிளகாய்த் தொக்கை ஒரு கரண்டி நிறைய எடுத்துச் சாதத்தில் பிசைந்து வாயில் வைத்தார். அடுத்த கணம் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. பிராமி மோர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

மோரைக் குடித்துவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். அழுகை தொக்கினால் மட்டும் வந்ததல்ல.

“தப்புப் பண்ணிட்டேன் பிராமி. எனக்குச் சேலைதான் தெரியும், செவுரு தெரியல.”

“அதனால என்னா, செவுருதானே.”

“அது இல்ல. உன்கூட உக்காந்து சாப்புடணும்னு ஆசை. அதுக்குத்தான் மேசை, அதுக்குத்தான் பெயிண்டு, எல்லாம்.”

பிராமி மோர் டம்ளரை வாங்கி மேசையில் வைத்தாள். “இத வாயத் தொறந்து சொல்றதுக்கு இவ்ளோ பெயிண்டா?” என்றாள்.

பிறகு அடுப்படிக்குப் போய்ச் சாதம், குழம்பு, பாகற்காய்ப் பொரியல், மோர் என்று ஒன்று விடாமல் கூடையில் அடுக்கினாள். “மாடிக்குத் தூக்கிக்கினு வாங்க. எனக்கு முட்டி வலி, தடவைக்கு ஒண்ணா இறங்கி ஏற முடியாது.”

மேலே போவதற்குள் மேகம் கலைந்து, கைலாசநாதர் கோயில் பக்கம் வெயில் எட்டிப் பார்த்தது. பக்கத்து மாடியில் சாயம் தோய்த்த நூல் காய்ந்துகொண்டிருந்தது. நயினார் அதைக்கூடப் பார்க்கவில்லை. ஊற்றத் தோசை இல்லை, எடுத்து வரப் பாத்திரம் இல்லை; பிராமி சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதை முழுசாக அன்றைக்குத்தான் பார்த்தார். குழம்பு கொஞ்சமாகத்தான் ஊற்றிக்கொள்கிறாள். பாகற்காயை ஒவ்வொன்றாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுகிறாள்.

“பாவக்கா புடிக்காதா உனக்கு?”

“எப்பப் புடிச்சுது?”

“வாரா வாரம் பண்றியே.”

“உங்களுக்குப் புடிக்கும்.”

நயினார் கை நீட்டி அவள் ஒதுக்கிய பாகற்காயை எல்லாம் எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். “வேற என்னென்ன புடிக்காது, சொல்லு” என்றார்.

பிராமி சொல்ல ஆரம்பித்தாள். அவள் பாதியில் இருக்கும்போதே பொழுது போய்விட்டது.