தழும்பு இல்லாத கை

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன சமயத்தில் நடந்தது இது. அப்போது நாங்கள் பக்கத்துக் கிராமமான பூவத்தில் இருந்தோம். என் மூன்று வயது மகனுக்கு உடம்பெங்கும் அம்மை முத்து போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகிய மறுநாளே சுகாதார ஆட்கள் வந்து, நகரத்துக்கு வெளியே இருந்த தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைத் தூக்கிப் போனார்கள். கப்பலில் காலராவோடு வந்து இறங்கியவர்களைத் தனியே வைக்க அந்தக் காலத்தில் போட்ட ஓட்டுக்கொட்டகை அது என்பார்கள். அங்கே போய்த் திரும்பாதவர்களைப் பற்றித்தான் ஊரில் பேச்சு.

துணைக்கு ஒருவரை உள்ளே விடுவார்கள். ஆனால் அவருக்கு முகத்தில் அம்மைத் தழும்போ, கையில் அம்மை குத்திய தழும்போ இருக்க வேண்டும்; அப்போதுதான் நோய் ஒட்டாதாம். எனக்கு இரண்டும் கிடையாது. சின்ன வயதில் அம்மை குத்துகிறவர்கள் வந்தபோதெல்லாம் என் அம்மா என்னை நெல் குதிருக்குள் இறக்கி மூடிவிடுவாள், மாரியம்மனுக்கு ஆகாதாம். கம்பவுண்டர் என் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நீங்க உள்ள போவக் கூடாதும்மா, அவங்க போவட்டும்" என்று கூட வந்திருந்த என் நாத்தனாரைக் காட்டினார். அன்றே எனக்கும் குத்தினார்கள். அது பொங்கி ஆறும்வரை வேலிக்கு வெளியேதான் என்றார்கள்.

நாத்தனாருக்குச் சிறுமியாக இருந்தபோதே அம்மை வந்து முகமெல்லாம் குழி. பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் எழுந்து போவார்கள். அந்த முகத்தைப் பார்த்து நான் பொறாமைப்படுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

தினமும் வேலியோரம் போய் நிற்பேன். ஜன்னல் வழியே, அவள் மடியில் அவன் சுருண்டு கிடப்பதும், அவள் வேப்பிலையால் வருடிக் கொடுப்பதும் தெரியும். பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வேண்டுகிற அதே வாயால், இவள் கொஞ்ச நேரம் எழுந்து போகமாட்டாளா என்றும் முணுமுணுப்பேன். பெற்றவள் நான், கிட்டே இருப்பது அவளா என்று பற்றிக்கொண்டு வரும்.

பிள்ளை பிழைத்தான். அம்மை இறங்கியதும் தலைக்கு ஊற்றும் மூன்று தண்ணீரில் முதல் இரண்டும் அங்கேயே அவள் கையால் ஊற்றியாகிவிட்டது. மூன்றாம் தண்ணீருக்கு வீட்டுக்கு அனுப்பினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீர் அண்டாவின் பக்கத்தில், இதையாவது நான் ஊற்ற வேண்டும் என்று செம்போடு நின்றேன். அவனோ அலறிக்கொண்டு அத்தையின் புடவைக்குள் புகுந்துகொண்டான்.

"விடு அவனை, அவன் என் புள்ள" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஒங்க புள்ளதான் அண்ணி" என்றாள். "ஆனா என் மூஞ்சியப் பாத்து மெரளாம கட்டிக்கிட்டது இவன் ஒருத்தன்தான். இந்தத் தண்ணியையும் நானே ஊத்திக்கிறேனே."

செம்பைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அவனுக்கு இப்போது கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனாலும் காய்ச்சலில் படுத்தால் அவன் வாயில் முதலில் வருவது 'அத்தை'தான்; கூப்பிடுவதற்கு அவன் உயிரோடு இருப்பதே அவளால்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன், இருந்தும் இன்றுவரை எனக்கு வயிறு எரியத்தான் செய்கிறது.