கரோமத் அக்காவின் ஓயாத முதுகு

எங்கள் மர்கிலான் ஊர் ரொட்டிக்கடையில் மாவு பிசைகிறவள் நான்; தந்தூர் அடுப்புக்குள் இடுப்புவரை குனிந்து சுவரில் ரொட்டி ஒட்டுகிறவள் கரோமத் அக்கா. வயது அறுபத்திரண்டு. முப்பத்தோரு வருஷமாக இதே வேலை. ஒரு கோப்பை தேநீரை உட்கார்ந்து குடித்து நான் பார்த்ததில்லை. போன மாதம் குனிந்தவளுக்கு முதுகு பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் தூக்கி நிறுத்தினோம். அன்றிலிருந்து கடைக்காரர் தோஹிர் ஒரே பிடியாக நின்றார்.

"வேலை செய்யலாம்னு ஆஸ்பத்திரிச் சீட்டு இல்லாம அடுப்புகிட்ட வராதீங்கக்கா."

அடுப்பை விட்டால் அக்கா செத்தே போவாள். ஆஸ்பத்திரிக்குத் துணையாக நானும் போனேன்.

அங்கிருந்த டாக்டர் பஹ்ரோமுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அக்காவின் முதுகில் வில்லைகளை ஒட்டி, கம்பியால் ஒரு சின்னப் பெட்டியோடு இணைத்தார். தசை வேலை செய்தால், காய்ந்த பருத்திமார்க் குச்சிகள் எரிவதுபோல் பெட்டி படபடத்தது. முதலில் எடை தூக்கச் சொன்னார்.

"நாப்பது வயசுக்காரங்க பலம் இருக்கே! இப்ப நல்லாக் குனிஞ்சு, உடம்பை அப்படியே தொங்கவிடுங்க."

குனிந்தாள். சத்தம் நிற்கவில்லை. மூன்று தடவை பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது.

"முழுசாக் குனிஞ்சா முதுகுத் தசை ஓயணும்க்கா. உங்களுக்கு ஓயவே இல்ல. நோவுள்ள முதுகுதான் இப்படி. நான் எப்படி எழுதித் தர்றது?"

அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அடுப்புக்குள்ள தொங்கிட்டுத் தசையைத் தளரவிட்டா நெருப்புலதான் விழணும்! உங்க புத்தகத்தை எழுதினவன் எந்த அடுப்புல ரொட்டி சுட்டான்? நீங்க வந்து குனிஞ்சு பாருங்க!"

மறுநாள் காலை டாக்டர் பெட்டியோடு கடைக்கு வந்தேவிட்டார், பாவம். தன் முதுகிலேயே வில்லைகளை ஒட்டிக்கொண்டு அடுப்புக்குள் குனிந்தார். அவர் முதுகும் ஓயவில்லை; பெட்டி அலறியது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்; தோஹிர்கூடச் சிரித்தார். புருவம் பொசுங்கி நிமிர்ந்த டாக்டர், சீட்டில் கையெழுத்துப் போட்டார். அக்கா வேலை செய்யலாம்.

வழியனுப்பப் போன அக்கா, அவர் கையில் இரண்டு சூடான ரொட்டிகளைத் திணித்தாள். ஆனால் சட்டைக்கையை விடவில்லை.

"டாக்டர் தம்பி, மெத்தையில படுத்தாலும் இந்த முதுகு தளர மாட்டேங்குது. நல்லாத் தூங்கி எத்தனையோ வருஷமாச்சு."

பத்து வருஷமாகப் பக்கத்திலேயே நிற்கிறேன், எனக்குத் தெரியாது. வெட்கமாக இருந்தது.

டாக்டர் திரும்பிப் பெட்டியைத் திறக்கப் போனார். அக்கா பதறி அவர் கையைப் பிடித்தாள்.

"பாருங்க, பாருங்க. ஆனா அந்தச் சீட்டைத் திருப்பிக் கேட்டுடாதீங்க."