மருந்து என்றால் மாத்திரை அல்ல

கல்லூரியில் பாடம் நடத்துவது எளிது. பாடத்துக்கு வெளியே ஒன்றை நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும். முகாம், மன்றம், பேரணி என்று ஏதாவது ஒன்றின் பொறுப்பாசிரியர் பதவி தலையில் கட்டப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கையெழுத்து

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில், பட்டாசுத் தொழிலாளர்களுக்குத் தீப்புண் முதலுதவி முகாம். வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாதவள் என்ற ஒரே தகுதியில் நான் பொறுப்பாசிரியர். உண்மையில் அலைந்தது மூன்றாமாண்டு மாரீஸ்வரி. அவள் அம்மாவே பட்டாசுக் கம்பெனியில் வெடிகளுக்கு மருந்து செலுத்துபவர். மாரீஸ்வரி ஆறு நாள் வகுப்பை விட்டு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தாள். அந்த ஆறு நாளும் ஓ.டி., அதாவது கல்லூரி வேலையாகப் போனவள் என்று வருகைப்பதிவில் ஏறாவிட்டால் அவள் பரீட்சை எழுத முடியாது. கையெழுத்திட வேண்டியவர் துறைத்தலைவர், ஒரு திட்டக் கூட்டத்துக்கும் வராதவர். தாளை நீட்டினேன். "முகாம் முடியட்டும்மா. நான் விளக்கேத்துற போட்டோவோட கொண்டா, போடுறேன்."

குத்துவிளக்கு

பெண்கள் கம்பெனி வேனில் நேராக வந்திறங்கினார்கள். யாரும் குளிக்கவில்லை, சேலையெல்லாம் மருந்துத் தூள் மினுங்கியது. முன்வரிசைக்கு ஓரடி தள்ளிக் குத்துவிளக்கு. "விளக்கு வேண்டாம் சார்" என்றேன் துறைத்தலைவரிடம். மரபு என்றார். மரபா உயிரா என்று நான் வாதத்தைத் தொடங்குவதற்குள் தீக்குச்சியை உரசிவிட்டார். பெண்கள் பதறி எழுந்தார்கள். "சார், மருந்து! மருந்து!" என்று அலறினாள் மாரீஸ்வரி. தலைவர் வெளியூர்க்காரர். எரியும் குச்சியோடு கூட்டத்தைக் கண்ணால் துழாவினார். "யாருக்கும்மா மயக்கம்? சீக்கிரம் மாத்திரையைக் குடுங்க!"

உள்ளங்கை

பாய்ந்துபோய் அந்தக் குச்சியை உள்ளங்கையில் பொத்தி அணைத்தாள் மாரீஸ்வரி. எங்கள் முதலுதவிப் பெட்டி முதலில் திறந்தது அவளுடைய கொப்புளத்துக்குத்தான்.

ஊர் பார்க்க அவமானப்படுத்திவிட்டாளாம், ஓ.டி. கிடையாது என்றார் தலைவர். மூன்று நாள் அவர் அறையில் சண்டை போட்டேன். "போட்டோ எங்கே?" என்பதே பதில். நான்காம் நாள் மாரீஸ்வரியின் அம்மா வந்து நின்றார். கெஞ்சப்போகிறார் என்று எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. அவர் கெஞ்சவில்லை. "எம்மக கிளாசுக்கு வரலைன்னே போட்டுக்கோங்க சார். அன்னைக்கு வந்த நாங்க அம்புட்டுப் பேரும் மறுநாளு முழுசா வேலைக்குப் போனோம்ல, அத மட்டும் எங்கனயாச்சும் எழுதி வைங்க."

கையெழுத்திடத் தலைவர் பேனாவைத் தேட, என்னுடையதை நீட்டினேன், ஓ.டி. ஏறிய முகாம் கோப்பில் விளக்கேற்றும் படத்துக்கான கட்டம் மட்டும் இன்னும் காலியாகவே இருக்கிறது, இந்தப் பதவியில் நான் குறையில்லாமல் பூர்த்தி செய்த ஒரே கட்டம் அதுதான்.